அந்தரங்கத்தைக் குற்றமாக்கும் அதிகாரம்: பர்மிய யாப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஓர் அரசியல் யாப்பு நடைமுறையில் இருக்கும்போது, வயதுவந்த இருவர் மூடிய கதவுக்குப் பின்னால் தம் இசைவுடன் செய்யும் ஒன்றைக் குற்றமென்று பிரகடனப்படுத்தும் அதிகாரம் சட்டவாக்கசபைக்கு உண்டா? இந்தக் கேள்வி நம்மிடையே பெரும்பாலும் ஒழுக்கம் பற்றிய சண்டையாகவே முடிந்துவிடுகிறது. ஒருவர் தற்பாலுறவு இயற்கைக்கு மாறானது என்பார். மற்றவர் அவரைப் பிற்போக்குவாதி என்பார். அத்தோடு கூட்டம் கலைந்துவிடும். ஆனால் ஒரு செயல் சரியா பிழையா என்பது ஒரு கேள்வி. அதற்காக ஒருவரைச் சிறையிலடைக்கும் உரிமை அரசுக்கு உண்டா என்பது இன்னொரு கேள்வி. இக்கட்டுரை இரண்டாவது கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இதைப் பர்மாவை வைத்துப் பேசுவதற்குக் காரணங்கள் உண்டு. இந்தியா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர், பர்மா என்று தமிழர் குடியேறி வாழ்ந்த நாடுகள் பலவும் ஒரே தாய்ச்சட்டத்தின் பிள்ளைகள். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டக்கோவைதான் அந்தத் தாய். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. 1931 குடிசன மதிப்பின்படி ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். தமிழரும் தெலுங்கரும் அதில் பெருந்தொகை. ஆக, பர்மியச் சட்டம் நமக்கு அந்நியமானதல்ல. ஒரே சட்டப்பிரிவு ஐந்து நாடுகளில் ஐந்து விதமான யாப்புகளின் கீழ் ஐந்து விதமான கதியை அடைந்திருக்கிறது. சட்டம் ஒன்றாயிருக்க முடிவுகள் வேறாயின் காரணத்தை யாப்புகளிலும், அவற்றை இயக்கும் நிறுவனங்களிலும்தான் தேடவேண்டும்.

இன்னொரு காரணம், 2021 பெப்ரவரி 1 இராணுவச் சதியின் பின் பர்மியர்களில் ஒரு பெரும் பகுதியினர் பழைய யாப்பை நிராகரித்துப் புதியதொன்றைப் பற்றி விவாதித்து வருகிறார்கள். அவர்களில் பலர் நம்மைப் போல நாடு விட்டு நாடு வந்தவர்கள். நாடில்லாத நிலையில் யாப்பு எழுதும் பழக்கம் நமக்கும் உண்டு என்பதால், அவர்களுடைய விவாதம் நம்முடையதும்தான்.

மூன்று கேள்விகள்

எந்த யாப்பிடமும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று என்று நினைக்கிறேன். முதலாவது, தனிமனிதரின் அந்தரங்க வாழ்வை அது ஓர் உரிமையாக ஏற்கிறதா? இரண்டாவது, ஏற்கிறதெனின், அந்த உரிமையின் எல்லையைத் தீர்மானிப்பது யார்? எந்தச் சபையைக் கட்டுப்படுத்த அந்த உரிமை எழுதப்பட்டதோ அந்தச் சபையே எல்லையையும் வகுக்கலாம் என்றால், உரிமை வெறும் வாக்கியம். மூன்றாவது, உரிமை மீறப்பட்டதென்று சொல்ல யார், எப்போது, எந்த நீதிமன்றத்தின் படியேறலாம்?

முதற் கேள்வியோடு நின்றுவிடுவதுதான் நமது வழக்கம். யாப்பில் உரிமைகள் அத்தியாயம் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறோம். பர்மாவின் அனுபவம் சொல்வது, இரண்டாவதும் மூன்றாவதும்தான் உயிர்நாடி என்பதை.

யாங்கோனில் ஓர் இரவு எத்தனை சட்டங்களைக் கடக்கவேண்டும்

முதலில் சட்டங்களைப் பார்ப்போம். தண்டனைச் சட்டக்கோவையின் 377ஆம் பிரிவு, ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறான’ உடலுறவைக் குற்றமாக்குகிறது. 1860இல் எழுதப்பட்டபோது அதற்கான தண்டனை ஆயுட்கால நாடுகடத்தல், அல்லது பத்து ஆண்டுவரையான சிறை. இசைவு இருந்ததா, செயல் வீட்டுக்குள் நடந்ததா என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. இதை எழுதிய பிரிட்டனில், 1957இன் வுல்ஃபென்டன் குழு தனிமையில் வயதுவந்தோர் இசைவுடன் செய்வது குற்றவியற் சட்டத்தின் வேலையல்ல என்று கூறியது. 1967இல் இங்கிலாந்தும் வேல்சும் சட்டத்தை மாற்றின. அதே பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்து மாற மறுத்தபோது, 1981இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் டஜன் வழக்கில் அதைத் தவறென்றது. எசமான் தன் வீட்டில் கழற்றி எறிந்ததைக் குடியேற்ற நாடுகள் தம் பண்பாடென்று பூட்டி வைத்துக்கொண்டன.

377இன் கீழ் ஒருவரைத் தண்டிக்கச் சாட்சியம் வேண்டும். படுக்கையறைக்குச் சாட்சி கிடைப்பதரிது. ஆகவே தெருவில் வேலை செய்வது வேறு சட்டங்கள். 1899ஆம் ஆண்டு ரங்கூன் பொலிஸ் சட்டத்தின் 30ஆம் பிரிவும், ஏனைய இடங்களுக்கான 1945ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டத்தின் 35ஆம் பிரிவும் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் முகத்தை மறைத்தோ வேடமிட்டோ நின்று, தகுந்த காரணம் சொல்ல முடியாதவரைக் கைது செய்ய இடமளிக்கின்றன. ‘இருட்டுச் சட்டம்’ என்று மக்கள் சொல்வது இதைத்தான். சேலையோ லோஞ்சியோ தவறான உடலில் இருந்தால் அது வேடம். திருநங்கையர் மீதும் தற்பாலுறவாளர் மீதும் இவை பாவிக்கப்பட்டு வந்துள்ளன. 2013 யூலையில் மண்டலேயில் இப்படிக் கைது செய்யப்பட்ட ஒரு குழுவினர் பொலிஸ் காவலில் அவமானப்படுத்தப்பட்டுத் தாக்கப்பட்டதாகக் கூறியது பரவலாகப் பதிவாகியிருக்கிறது. 377 ஒருபோதும் வழக்காகாவிட்டாலும், அது நூலில் இருப்பதே பொலிஸ்காரனின் கையில் பேரம் பேசும் பொருளாகிவிடுகிறது.

மூன்றாவது வகை, இரவுநேர விருந்தாளியைப் பதிவுசெய்யும் சட்டம். வீட்டில் இரவு தங்குபவர் யாரென்று வட்டார அலுவலருக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காவிட்டால் அபராதம் அல்லது சிறை. இதன் வேர் 1907ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்திலும் நகரச் சட்டத்திலும் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் வட்டார, கிராமத் தொகுதி நிர்வாகச் சட்டம் அதன் 17ஆம் பிரிவில் இதைப் புதுப்பித்தது. வீட்டுக் குடும்பப் பட்டியலில் பெயர் இல்லாத எவரும் விருந்தாளியே. பட்டியலைச் சரிபார்க்கவென்று நள்ளிரவில் கதவைத் தட்டலாம்.

நான் யாங்கோனில் தங்கியிருந்த நாட்களில் நகர மையத்தின் ஒடுங்கிய மாடிவீடுகளைப் பார்த்திருக்கிறேன். மேல்மாடியிலிருந்து தெருவரை கயிறு தொங்கும். நுனியில் பத்திரிகையையோ சாப்பாட்டுப் பொதியையோ கொளுவி இழுத்தால் மேலே மணி அடிக்கும். அங்கிருந்த தமிழ் முதியவர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது: “தம்பி, இங்க விருந்தாளி வந்தா இலை போடுறதுக்கு முன்னாடி பேரு போடணும்.” திருமணப் பதிவு இல்லாத சோடி, வீட்டைவிட்டு ஓடிவந்த பெண், அடையாள அட்டை இல்லாத உறவினர், கட்சிக்காரர் எல்லோரும் இந்த ஒரு சட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். நடத்தையைக் குற்றமாக்கத் தேவையில்லை. இருப்பையே அறிக்கையிடச் செய்தால் போதும். இந்த உத்தி நமக்குப் புதிதல்ல. கொழும்பில் லொட்ஜுகளிலும் வெள்ளவத்தை வாடகை அறைகளிலும் பொலிஸ் பதிவுத் துண்டுடன் படுத்தெழும்பியவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். 2007 யூன் 7 அதிகாலை அப்படியான விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டதும், மறுநாளே இலங்கை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் மறக்கக்கூடியதல்ல.

‘சட்டத்துக்கு இணங்கவன்றி’ என்ற சொற்றொடர்

1947 செப்டெம்பர் 24 அன்று ஏற்கப்பட்ட சுதந்திர பர்மாவின் முதல் யாப்பு, அதன் காலத்துக்கு முற்போக்கானது. அதன் 16ஆம் உறுப்புரை, எந்தப் பிரஜையின் சுதந்திரமும் பறிக்கப்படக்கூடாது, அவரது வசிப்பிடத்தினுள் நுழையக்கூடாது, அவரது சொத்து பறிமுதலாகக்கூடாது என்றது. ஆனால் ஒரு விதிவிலக்குடன்: சட்டத்துக்கு இணங்கவன்றி. இந்தச் சொற்றொடர் அயர்லாந்து யாப்பின் வாசனையுடையது. வீட்டின் புனிதத்தை யாப்பு ஏற்றது. அதைத் திறக்கும் சாவியைப் பாராளுமன்றத்திடமே கொடுத்தது.

பர்மிய யாப்புக்கு உதவிய பி. என். ராவ்தான் இந்திய யாப்புச் சபைக்கும் ஆலோசகர். அமெரிக்க நீதியரசர் பிராங்பேர்ட்டருடனான சந்திப்பின் பின், ‘முறையான சட்ட நெறி’ என்ற அமெரிக்கப் பதத்தை விட்டு ‘சட்டத்தால் நிலைநாட்டப்பட்ட நடைமுறை’ என்ற பதத்தை அவர் விரும்பினார். அதன் விளைவு 1950இல் தெரிந்தது. மதராஸ் சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தம் தடுப்புக்காவலை எதிர்த்தபோது, பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று இருந்தால் போதும், அது நீதியானதா என்று தாம் கேட்கமுடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை கூறிவிட்டது.

ஆக, 1950இல் டில்லியும் ரங்கூனும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நின்றன. சொல்லப்போனால் ரங்கூன் சற்று முன்னே நின்றது. 1948க்குப் பிந்திய உள்நாட்டுப் போரின் நடுவிலும் பர்மிய உச்ச நீதிமன்றம் ஆட்கொணர்வுப் பேராணைகள் மூலம் தடுப்புக்காவலில் இருந்தவர்களை விடுவித்த தீர்ப்புகள் உண்டு. பிரிவு பின்னர்தான் வந்தது. இந்தியாவில் 1978இன் மேனகா காந்தி தீர்ப்பு, நடைமுறை என்பது நியாயமானதாகவும் இருக்கவேண்டும் என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதியரசர்கள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்றனர். இந்திய யாப்பில் அந்தச் சொல்லே கிடையாது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அதன் மேல் நின்றுதான் 2018 செப்டெம்பர் 6இல் நவ்தேஜ் ஜோகர் வழக்கில் வயதுவந்தோரின் இசைவான உறவு 377இலிருந்து விலக்கப்பட்டது. அதே மாதம் 27இல் ஜோசப் ஷைன் வழக்கில் பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497 வீழ்ந்தது.

இது நேர்கோட்டுப் பயணமல்ல. 2009இல் டில்லி உயர்நீதிமன்றம் தந்ததை 2013 டிசெம்பரில் உச்ச நீதிமன்றம் பறித்தது. பாதிக்கப்படுவோர் மிகச் சிறு தொகையினர், மாற்றவேண்டுமானால் பாராளுமன்றம் மாற்றட்டும் என்பது அப்போதைய வாதம். உரிமை என்பதே சிறு தொகையினருக்காகத்தான் என்பதை நீதிமன்றம் உணர ஐந்து ஆண்டுகள் பிடித்தன. அந்த ஐந்து ஆண்டும் நீதிமன்றம் திறந்திருந்தது, மனுதாரர்கள் திரும்பிப் போக இடமிருந்தது. பர்மாவில் இல்லாமற்போனது அதுவே. 1962 மார்ச் 2இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபோது உச்ச நீதிமன்றம் கலைக்கப்பட்டது; தலைமை நீதியரசர் மியின் தெய்ன் சிறையிலடைக்கப்பட்டார். ‘சட்டத்துக்கு இணங்கவன்றி’ என்ற சொற்களுக்கு விரிந்த பொருள் காணக்கூடிய ஒரு நீதித்துறை வளரும் முன்பே வெட்டப்பட்டது.

2008 யாப்பு: கதவு உண்டு, கைப்பிடி இல்லை

நர்கிஸ் சூறாவளி தாக்கிய அதே மாதத்தில், 2008 மேயில், சர்வசன வாக்கெடுப்பு மூலம் நிறைவேற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட யாப்பைப் பார்ப்போம். சபைகளில் நான்கிலொரு பங்கு ஆசனம் இராணுவத்துக்கு என்பதை எல்லோரும் அறிவர். அதன் உரிமைகள் அத்தியாயம் அதிகம் பேசப்படுவதில்லை.

முதற் கேள்விக்கு அது ஆம் என்கிறது. 357ஆம் பிரிவு பிரஜைகளின் வீடு, சொத்து, கடிதப் போக்குவரத்து, ஏனைய தொடர்புகள் ஆகியவற்றின் அந்தரங்கத்தையும் பாதுகாப்பையும் ஒன்றியம் காக்கும் என்கிறது. இந்திய யாப்பில் இல்லாத வெளிப்படையான வாசகம் இது. 348ஆம் பிரிவு இனம், சமயம், பால் முதலியவற்றால் பாகுபாடு கூடாதென்கிறது. 446ஆம் பிரிவோ, பழைய சட்டங்கள் யாப்புக்கு முரணாகாத அளவுக்கே நீடிக்கும் என்கிறது. இதை இலங்கையின் 1978 யாப்பின் 16ஆம் உறுப்புரையோடு ஒப்பிடுங்கள். அது, இருக்கும் சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. தாளில் மட்டும் பார்த்தால் பர்மிய யாப்பு நம்முடையதைவிட மேலானது.

இரண்டாவது கேள்வியில் சரிவு தொடங்குகிறது. 357இன் பாதுகாப்பு ‘சட்டத்தின் கீழ்’ வழங்கப்படுகிறது. 353ஆம் பிரிவு உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் ‘நடைமுறையிலுள்ள சட்டங்களுக்கு இணங்கவன்றி’ பாதிக்கக்கூடாதென்கிறது. 354இன் கருத்துச் சுதந்திரம் முதலியன பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்குமான சட்டங்களுக்கு முரணாகாதவரை மட்டுமே. 420ஆம் பிரிவின்படி அவசரகாலத்தில் முப்படைத் தளபதி உரிமைகளைக் கட்டுப்படுத்தலாம், இடைநிறுத்தலாம். சட்டத்துக்கு அளவுகோலாக இருக்கவேண்டிய உரிமையைச் சட்டமே அளக்கிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 357 பேசுவது ‘பிரஜைகள்’ பற்றி. 1982 பிரஜாவுரிமைச் சட்டம் மக்களை முழுப் பிரஜை, இணைப் பிரஜை, இயல்புரிமைப் பிரஜை என்று தரம்பிரித்து இளஞ்சிவப்பு, நீலம், பச்சை நிற அட்டைகளில் அடக்கியது. பல தலைமுறை பர்மாவில் வாழ்ந்தும் ஆவணம் காட்ட முடியாத தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நிறங்களில் ஒன்றுகூடக் கிட்டாமற் போனதுண்டு. ரோகிங்கியா மக்களின் கதி உலகறிந்தது. பிரஜையல்லாதவருக்கு வீடு இருக்கலாம். யாப்பு காக்கும் அந்தரங்கம் கிடையாது. அகதியாக வாழும் நாம் இந்த ஒற்றைச் சொல்லைத் தாண்டி அவசரமாகப் போய்விடக்கூடாது.

மூன்றாவது கேள்வி. சட்டம் யாப்புக்கு முரணா என்று தீர்ப்பது அரசியலமைப்புத் தீர்ப்பாயம். ஒன்பது உறுப்பினர், சனாதிபதியும் இரு சபாநாயகர்களும் மும்மூவராகத் தெரிவர். அங்கே மனுச் செய்யக்கூடியவர்கள் சனாதிபதி, சபாநாயகர்கள், பிரதம நீதியரசர், தேர்தல் ஆணையத் தலைவர், மாநில முதலமைச்சர்கள் போன்றோர், அல்லது ஒரு சபையின் பத்து வீத உறுப்பினர்கள். இருட்டுச் சட்டத்தில் பிடிபட்ட ஒரு திருநங்கைக்கு அங்கு இடமில்லை. ஒரு சிறு சன்னல் உண்டு: 323ஆம் பிரிவின்படி, வழக்கொன்றை விசாரிக்கும் நீதிமன்றம் யாப்பு முரண்பாடு எழுவதாகக் கருதினால் விசாரணையை நிறுத்தித் தீர்ப்பாயத்தின் கருத்தைக் கேட்கலாம். ஆனால் அந்தச் சன்னலைத் திறப்பது நீதிபதியின் கை.

அந்தக் கை ஏன் துணியாது என்பதற்கு 2012 பதில் சொல்கிறது. பாராளுமன்றக் குழுக்கள் ஒன்றிய மட்ட நிறுவனங்கள் ஆகா என்று தீர்ப்பாயம் கூறியது. சபை சினந்து குற்றப்பிரேரணை கொண்டுவந்தது. செப்டெம்பரில் ஒன்பது பேரும் பதவி விலகினர். தம் குழுக்களின் அந்தஸ்தைக் குறைத்ததற்கே இந்தத் தண்டனை என்றால், மக்களின் ஒழுக்க உணர்வோடு மோதும் ஒரு தீர்ப்பைத் தர எவர் முன்வருவார்?

ஒருதார மணச் சட்டம்: ஒரு கடினமான உதாரணம்

377ஐ எதிர்ப்பது ஒப்பீட்டளவில் சுலபம். கடினமான உதாரணம் 2015இல் வந்தது. பௌத்த பிக்குகள் முன்னின்று நடத்திய மபதா இயக்கத்தின் அழுத்தத்தில் அவ்வாண்டு நான்கு ‘இன, சமயப் பாதுகாப்பு’ச் சட்டங்கள் நிறைவேறின: பிள்ளைப்பேற்று இடைவெளி பற்றியது, மதமாற்றம் பற்றியது, பௌத்தப் பெண்கள் வேற்றுமதத்தாரை மணப்பது பற்றியது, ஒருதார மணம் பற்றியது. கடைசிச் சட்டம், சட்டபூர்வமான துணை இருக்கையில் இன்னொருவரை மணப்பதை மட்டுமல்ல, மணமின்றிச் சேர்ந்து வாழ்வதையும் குற்றமாக்கியது. தண்டனைச் சட்டக்கோவையின் 494ஆம் பிரிவிலுள்ள தண்டனை, அதாவது ஏழு ஆண்டுவரை சிறை, இதற்கும் உரியது.

இதன் பின்னே நீண்ட வரலாறு உண்டு. 1898ஆம் ஆண்டின் பர்மியச் சட்டங்கள் சட்டம் திருமணத்திலும் வாரிசுரிமையிலும் பௌத்தருக்குப் பௌத்த வழக்காறு, முஸ்லிமுக்கு முஸ்லிம் சட்டம், இந்துவுக்கு இந்துச் சட்டம் என்று பிரித்தது. இந்தியர் பர்மியப் பெண்களை மணந்து, இந்து அல்லது முஸ்லிம் சட்டத்தின்படி அது திருமணமே அல்லவென்று கைவிட்ட நிகழ்வுகள் பெரும் கசப்பை வளர்த்தன. 1938 கலவரத்தின் பின்னணிகளில் இதுவும் ஒன்று. 1939இல் பௌத்தப் பெண்களுக்கான விசேட விவாகச் சட்டம் வந்தது இந்தப் பின்னணியில்தான். அந்தக் கசப்பில் தமிழ் ஆண்களுக்கும் பங்குண்டு என்பதை மறைத்துவிட்டுப் பர்மியப் பேரினவாதத்தை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

பலதார மணம் பெண்ணுக்கு இழைக்கும் அநீதியை அந்தரங்கம் என்று சொல்லி மூடிவிட முடியாது. பெண்ணிலைவாதிகள் இதை நீண்டகாலமாகச் சொல்லி வருகிறார்கள்: ‘வீட்டு விஷயம்’ என்ற பெயரில்தான் அடியும் வன்புணர்வும் காக்கப்பட்டு வந்தன. ஆகவே சுவரை எல்லையாகக் கொள்வது பிழை. இசைவு இருந்ததா, பிறருக்குத் தீங்கு உண்டா என்பதே எல்லையாக வேண்டும். மனைவியை அடிப்பது நான்கு சுவருக்குள் நடந்தாலும் குற்றம். இருவர் இசைந்து சேர்ந்து வாழ்வது சுவரே இல்லாத குடிசையில் நடந்தாலும் குற்றமல்ல.

இந்த அளவுகோலில் 2015 சட்டத்தை வைத்தால் அது இரண்டாகப் பிளக்கிறது. திருமணத்தைப் பதிவது, கைவிடப்பட்டவளுக்குச் சொத்திலும் சீவனாம்சத்திலும் உரிமை தருவது, ஏமாற்றி இரண்டாம் மணம் செய்வதைத் தண்டிப்பது ஆகியவை அரசு செய்யக்கூடியவை. மணமில்லாத உறவையே சிறைக்குரியதாக்குவது அப்படியல்ல. சட்டத்தை உந்தியவர்களின் பேச்சு முஸ்லிம்களைக் குறிவைத்தது. சட்டத்தின் வாசகமோ எல்லோருக்கும் பொருந்துகிறது. கணவனைப் பிரிந்து, விவாகரத்து பெற வழியில்லாமல் இன்னொருவனோடு வாழும் பெண்ணும் அதில் அகப்படுவாள். பெண்களைக் காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட இச்சட்டங்களைப் பர்மியப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்ததற்கும், அவற்றை எதிர்த்தவர்கள் துரோகிகளென்று தூற்றப்பட்டதற்கும் காரணம் இதுவே.

நல்லெண்ணச் சட்டத்தின் கதி

மக்கள் தெரிந்த அரசு வந்தபின் என்ன நடந்தது என்பதும் பார்க்கத்தக்கது. 2016இல் தேசிய ஜனநாயக லீக்கின் பாராளுமன்றம் விருந்தாளிப் பதிவு விதியை நீக்கியது. 2017 மார்ச்சில் பிரஜைகளின் அந்தரங்கத்தையும் பாதுகாப்பையும் காக்கும் சட்டம் வந்தது. சாட்சிகளின்றி வீட்டைச் சோதிக்கக்கூடாது, நீதிமன்ற ஆணையின்றி 24 மணிக்கு மேல் தடுத்து வைக்கக்கூடாது, வேவு பார்க்கக்கூடாது என்றது. நல்லது. ஆனால் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில், ஒருவரின் சொந்த அல்லது குடும்ப விவகாரத்தில் தலையிட்டு அவர் பெயரைக் கெடுப்பதும் குற்றமாக்கப்பட்டிருந்தது. ஆளும் கட்சிக்காரரை விமர்சித்தவர்கள் மீது அது பாய்ந்தது. அந்தரங்கத்தின் பெயராலேயே பேச்சு குற்றமாயிற்று. 377ஐ அந்தப் பாராளுமன்றம் தொடவில்லை.

2021 சதி நடந்து இரண்டு வாரம் முடியுமுன், பெப்ரவரி 13 அன்று இராணுவம் அச்சட்டத்தின் 5, 7, 8ஆம் பிரிவுகளை இடைநிறுத்தி, விருந்தாளிப் பதிவை மீண்டும் கொண்டுவந்தது. அந்த வாரங்களில் யாங்கோன் வட்டாரங்களில் மக்கள் சட்டி பானையைத் தட்டி ஒலியெழுப்பி இரவுக் கைதுகளை ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டனர். சாதாரண சட்டத்தால் தரப்பட்ட பாதுகாப்பு ஒரு கையொப்பத்தால் போயிற்று. யாப்பில் வேரூன்றியிருந்தாலும் துப்பாக்கி அதைப் பிடுங்கியிருக்கும் என்று நண்பர்கள் வாதிடலாம். உண்மைதான். ஆனால் இங்கே யாப்பை மீறவேண்டிய தேவையே எழவில்லை. 420ஆம் பிரிவு ஏற்கனவே வாசலைத் திறந்து வைத்திருந்தது.

அயல்வீடுகள்

இலங்கையில் 1883 தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் 377இன் உடன்பிறப்புகள். 1995இல் அவற்றைத் திருத்தியபோது ஆண்களுக்கு மட்டும் உரியதாயிருந்த 365அ பால்வேறுபாடற்றதாக்கப்பட்டது. விளைவு, பெண்களும் அதற்குள் வந்தனர். சமத்துவத்தை இப்படியும் வழங்கலாம் போலும். நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாதென்று 80ஆம் உறுப்புரை சொல்வதாலும், 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களைக் காப்பதாலும் நவ்தேஜ் ஜோகர் போன்றதொரு தீர்ப்பு கொழும்பில் எழ வழியில்லை. மசோதா நிலையில் மட்டுமே நீதிமன்றம் பேசலாம். அப்படிப் பேசிய ஒரு சந்தர்ப்பம் 2023 மேயில் வந்தது. பிரேம்நாத் தொலவத்தவின் தனிநபர் மசோதா இப்பிரிவுகளைத் தளர்த்த முயன்றபோது, அது யாப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. குற்றமாக்குவதை யாப்பு தடுக்காது; குற்றத்தை நீக்குவதையும் தடுக்காது. முடிவு முழுவதும் பாராளுமன்றத்தின் கையில். அப்பாராளுமன்றத்தில் அது சட்டமாகவில்லை.

சிங்கப்பூர் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022 பெப்ரவரியில் 377அவை யாப்பு முரணென்று சொல்லாமல், அமுல்படுத்த முடியாததென்று மட்டும் சொன்னது. அவ்வாண்டு நவம்பரில் பாராளுமன்றமே அதை நீக்கி, கூடவே திருமண வரையறை மீது வழக்கு வராதபடி யாப்பையும் திருத்தியது. மலேசியாவில் 2021 பெப்ரவரியில் சமஷ்டி நீதிமன்றம் சிலாங்கூர் மாநிலத்தின் சரியா விதியொன்றை ரத்துச் செய்தது. ஆனால் அந்தரங்க உரிமைக்காக அல்ல. அது மாநிலத்தின் அதிகாரப் பட்டியலில் இல்லை என்பதற்காக. மத்தியின் தண்டனைச் சட்டம் அப்படியே இருந்தது. சமஷ்டியையே எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கருதும் நம்மவர்கள் இத்தீர்ப்பைப் படிக்கவேண்டும். அதிகாரம் எந்தச் சபைக்கு என்பது ஒரு கேள்வி. எந்தச் சபைக்குமே இருக்கக்கூடாத அதிகாரம் எது என்பது வேறு கேள்வி.

நமக்கான கேள்வி

ஆக, ஆரம்பக் கேள்விக்கு என் பதில் இது: 2008இன் பர்மிய யாப்பு அந்தரங்க நடத்தையைக் குற்றமாக்கச் சட்டவாக்கசபையை அனுமதிக்கிறது. அனுமதிக்கிறேன் என்று அது எங்கும் சொல்லவில்லை. உரிமையைத் தந்து, எல்லையைச் சட்டத்திடம் விட்டு, நீதிமன்ற வாசலைப் பதவியாளருக்கு மட்டும் திறந்து, அந்த அனுமதியை அமைதியாக வழங்குகிறது.

2021 மார்ச் 31இல் வெளியான பர்மியர்களின் சமஷ்டி ஜனநாயக சாசனம் 2008 யாப்பை ரத்தானதாக அறிவித்தது. அவர்களுடைய தேசிய ஐக்கிய அரசாங்கத்தின் மனித உரிமை அமைச்சராக, தம்மைத் தற்பாலுறவாளரென்று வெளிப்படையாக அறிவித்த அவுங் மியோ மின் 2021 மேயில் நியமிக்கப்பட்டார். போராட்டத்தின் நடுவே இதையெல்லாம் பேசலாமா, முதலில் விடுதலை, பிறகு மற்றவை என்று அவர்கள் சொல்லவில்லை. நாம் சொன்னோம். 1980களில் ‘சமூகவிரோதி’ என்று எழுதித் தொங்கவிட்டு மின்கம்பத்தில் கட்டிச் சுட்டபோது, செத்தவர்களின் நடத்தை பற்றித்தான் ஊர் பேசியது. சுட்டவர்களின் அதிகாரம் எங்கிருந்து வந்ததென்று கேட்டவர்கள் சிலர். 1990களில் தமிழீழ நீதிமன்றங்களுக்கென்று 1994இல் ஒரு தண்டனைச் சட்டக்கோவையும் எழுந்தது. அதை மக்கள் தெரிந்த எந்தச் சபையும் இயற்றவில்லை. அதை எதிர்த்து வழக்காட எந்த யாப்பும் இருக்கவில்லை.

எதிர்காலத்தில் நாம் பங்குகொள்ளும் எந்த யாப்பு வரைவுக்கும் நான்கு வாசகங்களை முன்வைக்கிறேன். அந்தரங்க உரிமை பிரஜைக்கு மட்டுமன்றி அந்நிலத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் உரியது. பிறருக்குத் தீங்கில்லாத, இசைவுடன் கூடிய வயதுவந்தோர் நடத்தையை ‘ஒழுக்கம்’ என்ற ஒரே காரணத்துக்காக எந்தச் சபையும் குற்றமாக்கக்கூடாது. பழைய சட்டங்கள் உட்பட எந்தச் சட்டத்தையும் பாதிக்கப்பட்ட எவரும் எப்போதும் நீதிமன்றில் கேள்விக்குட்படுத்தலாம். அவசரகாலத்திலும் இவ்வுரிமையின் கருவைத் தொடக்கூடாது.

இரண்டாவது வாசகத்துக்கு எதிர்ப்பு வரும் என்பது தெரியும். ஒரு சமூகத்துக்குத் தன் பொது ஒழுக்கத்தைக் காக்கும் உரிமை இல்லையா என்ற கேள்வியை இங்கிலாந்தில் டெவ்லின் பிரபு எழுப்பி, ஹார்ட் மறுத்தார். நம்மிடையே அது தேசவழமை, சாதி, சீதனம், கலப்பு மணம் என்று வேறு உருவங்களில் வரும். சாதி மாறிக் காதலித்த இருவரை ஊர் எந்த ‘ஒழுக்கத்தின்’ பெயரால் துரத்தியதோ, அதே ஒழுக்கம்தான் 377இன் பின்னாலும் நிற்கிறது என்பது என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்துடைய நண்பர்கள், பொது ஒழுக்கத்தை யார் வரையறுப்பது, எந்தத் தீங்கை முன்னிட்டு, எந்த நீதிமன்றத்தின் கண்காணிப்பில் என்ற மூன்றுக்கும் பதில் தந்து எழுதவேண்டும்.